மீன்வித்து யாருடைய சொத்து?



நெல்லுக்கு விதை எவ்வாறோ, குளத்து மீனுக்குக் குஞ்சு அவ்வாறு. நல்ல வித்தை வைத்திருப்பவரே விளைச்சலின் கடிவாளத்தையும் பிடித்திருப்பார்.

1952இல் ஆபிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக் குளங்களுக்கு வந்தது. குளத்து மீன்பிடிக்கு அதுவே ஆதாரமாயிற்று. ஆகவே இவ்வழக்கு நமக்கு அந்நியமானதன்று.

1988இல் பிலிப்பைன்ஸ் நாட்டில், இன்று வேர்ள்ட்பிஷ் எனப்படும் சர்வதேச ஆராய்ச்சி நிலையம், நோர்வே விஞ்ஞானிகளோடும் பிலிப்பைன்ஸ் நிறுவனங்களோடும் கூடி ஒரு பெருமுயற்சியைத் தொடங்கியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளின் நைல் திலாப்பியாவோடு, ஆசியப் பண்ணைகளின் நான்கு வர்க்கங்களும் சேர்க்கப்பட்டன. வேற்றுயிரின் மரபணு எதுவும் புகுத்தப்படவில்லை. விரைந்து வளரும் குடும்பங்களைத் தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினர். நம் முன்னோர் நெல்லிலும் மாட்டிலும் கையாண்ட முறையே இது. இங்கு அளவும் கணக்கும் கூடின. ஐந்து தலைமுறைகளின் பின் வளர்ச்சி 80 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து இம்மீனுக்குக் 'கிப்ட்' என்று பெயராயிற்று. அச்சொல்லின் பொருள் கொடை.

அக்கொடையை அளித்தவர் யார்? மூலமீன் பெரும்பாலும் ஆபிரிக்காவினுடையது. பணமோ ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் வழங்கிய பொதுப்பணம். அவ்வாறிருந்தும், 1999இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்மூலம் ஜெனோமார் என்னும் நோர்வேத் தனியார் கம்பனி அவ்வர்க்கத்தைப் பெற்றுத் தன் வணிகப் பெயரில் விற்கலாயிற்று. நல்வாய்ப்பாக, மலேசியாவின் ஜித்ராவில் இன்னொரு கிளை பொதுநிலையில் பேணப்பட்டுப் பல அரசாங்கங்களுக்கு வழங்கப்பட்டது.

குஞ்சை ஒருமுறை கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்ததென எண்ணுதல் தவறு. ஒரே குளத்து மீன்களையே மீண்டும் மீண்டும் இனம்பெருக்கினால், உறவுக்கலப்பினால் வர்க்கம் தேய்ந்துவிடும். கமக்காரன் பொரிப்பகத்தின் வாயிலுக்குத் திரும்பத்திரும்பச் சென்றேயாகவேண்டும். அவ்வாயில் ஒருவரின் தனியுடைமையானால் அவன் நிலை என்னவாகும்?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தாய்மீன் தொகுதி பொதுவுடைமையாக இருக்கவேண்டும். ஒப்பந்தங்கள் மக்களின் மொழியில் வெளியிடப்படவேண்டும். நாட்டு மீனினங்கள் காக்கப்படவேண்டும். இம்மூன்றாவது வீணான அச்சமன்று: காட்டுத் திலாப்பியாவோடு கலந்துவிடுமென்றே நெடுங்காலம் ஆபிரிக்காவுக்குக் கிப்ட் அனுப்பப்படவில்லை, 2007இலேயே, பாதுகாப்பு நிபந்தனைகளோடு, அக்கொள்கை மாறியது. கானாவோ தன் வோல்ற்றா நீர்நிலை மீன்களிலிருந்தே அக்கொசொம்போ வர்க்கத்தை உருவாக்கிக்கொண்டது.

உரிமையோடு வரும் வித்தே கொடை. உரிமையின்றி வருவது கடனேயாகும்; அக்கடனை நம் பிள்ளைகளே இறுக்கவேண்டிவரும்.