மீண்டும் எழுந்த மரச்சிறகு



பத்தாண்டு நிறைவு விழாவில் விமானக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். பழையதைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா நம் மன்றத்துக்கும் உரியது.

1909இல் லூயி பிளேரியோ தம் சிறு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அவ்வாண்டே உருவான அவ்வகை விமானம் ஒன்று 1912இல் விபத்தில் சிதைந்தது. செப்பனிடப்பெற்று, 1935இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஷட்டில்வொர்த்தை அடைந்தது. அவரும் 1909இல் பிறந்தவரே. அதை மீண்டும் பறக்கச் செய்தார்.

மரச்சட்டம், இழுத்துக் கட்டிய கம்பிகள், துணி போர்த்திய இறக்கை: இவையே அதன் உடல். உளுத்த மரத்தை மாற்றலாம்; நைந்த துணியை நீக்கிப் புதுத்துணி போர்த்தலாம். கம்பிகளின் இறுக்கமோ ஒன்றோடொன்று இசைய வேண்டும். பிசகினால் இறக்கை கோணும். தளை அறிந்த உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1940இல் வான்படைப் பயிற்சியின்போது ஷட்டில்வொர்த் மாண்டார். மகனை விமானத்துக்குப் பறிகொடுத்த தாய் விமானங்களை வெறுத்திருக்கலாம். அவரோ 1944இல் மகன் நினைவாக அறக்கட்டளை நிறுவினார். ஓல்டு வார்டன் திடலில், காற்றடங்கிய பொழுதுகளில், அந்தப் பிளேரியோ விமானம் தரைக்குச் சில அடி மேலே நேர்க்கோட்டில் பறந்து இறங்கியிருக்கிறது. அதன் முதுமைக்கு அவ்வளவே தகும். ஆயினும் அது பறத்தலே.

நாமோ யாப்பைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வணங்குகிறோம். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வெண்பா கொணர்க. நான்கு அடி எழுந்தாலும் போதும்.