மருந்துக்கு வேலி போட்டது யார்?

(மயிலாப்பூரில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்த மேடையில் அரிசி விலையைப் பேசியிருக்கிறோம். வீட்டு வாடகையைப் பேசியிருக்கிறோம். இன்று ஒரு மருந்தின் விலையைப் பேச வந்திருக்கிறேன்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நோய். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே தடம் மாறி அந்த உறையை அரித்து விடுகின்றன. ஒரு நாள் கண் மங்குகிறது, இன்னொரு நாள் கால் மரத்துப் போகிறது, நடை தள்ளாடுகிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அதாவது, உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் அடிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது.

இதை வேரோடு களைய மருந்து இல்லை. ஆனால் மேலும் தாக்காமல் தடுக்க மருந்து உண்டு. 6 மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, குளுகோஸ் ஏற்றுவதுபோல, சில மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அந்த வகை மருந்துகளில் ஒன்று ஆக்ரிலிஸுமாப். ஸ்விட்சர்லாந்து ரோஷ் கம்பெனியின் சரக்கு. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தபோது கம்பெனி வைத்த விலை என்ன தெரியுமா? வருஷத்துக்கு 65,000 டாலர்! இன்றைய ரூபாய்க் கணக்கில் 50 லட்சத்துக்கு மேல்!

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். அங்கே வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும். இன்ஷூரன்ஸ் போனால் மருந்து போகும். அப்போது, "சென்னைக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். இங்கே இருப்பவர்களோ, "அங்கிருந்து வருகிறவர் கையில் புது மருந்தைக் கொடுத்தனுப்ப முடியுமா?" என்று கேட்கிறார்கள்.

சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவில் மருந்து தருவிக்கச் சட்டத்தில் வழி உண்டு. டாக்டர் சீட்டுடன் 12ஏ பாரத்தில் மனுச் செய்து, 12பி அனுமதி பெற வேண்டும். ஆனால் இது 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து. சுங்கச் சாவடியில் காத்துக் கிடந்து சூடேறினால் லட்சக்கணக்கான ரூபாய் பாழ். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நோயாளி எல்லை தாண்டுவதுதான் பரிகாரமா? தேனாம்பேட்டைக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் படுத்திருக்கும் தாய்க்கு அமெரிக்காவில் எந்தப் பிள்ளை இருக்கிறான்? நோய் தெருவைப் பார்த்து வருவதில்லை, தோழர்களே. மருந்துதான் பணத்தைப் பார்த்து வருகிறது!

இந்த மருந்துக்கு ஓர் அண்ணன் உண்டு. அதன் பெயர் ரிடுக்ஸிமாப். 1997இல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டும் ரத்தத்தில் உள்ள ஒரே இன அணுவைக் குறிவைப்பவை. இரண்டும் ஒரே கம்பெனிக் கூட்டத்தின் கைச்சரக்கு. ரிடுக்ஸிமாப் எம்.எஸ். நோயாளிகளுக்கும் பலன் தருகிறது என்று காட்டிய ஆராய்ச்சி 2008இலேயே வெளிவந்தது. அப்படியிருந்தும் எம்.எஸ். நோய்க்கென்று அதற்கு அனுமதி கேட்கக் கம்பெனி முன்வரவில்லை. புதிய பேட்டண்டோடு தம்பியைத்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏன்? அண்ணனின் பேட்டண்ட் காலம் முடியப் போகிறது. தம்பிக்கு இனிமேல்தான் ஆரம்பம். லாபக் கணக்கு தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை!

சுவீடன் டாக்டர்கள் கம்பெனிக்காகக் காத்திருக்கவில்லை. அங்கே எம்.எஸ். நோய்க்கு அதிகமாகக் கொடுக்கப்படும் மருந்தாகவே ரிடுக்ஸிமாப் ஆகிவிட்டது. 2023 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம், எம்.எஸ். நோய்க்கு அவசியமான மருந்துகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

இந்த மருந்து நம் நாட்டில் எப்படிக் கிடைக்கிறது? கம்பெனியின் தர்மத்தாலா? இல்லை, தோழர்களே, இல்லை! ஜனங்கள் போராடிப் பெற்ற சட்டத்தால்!

வெள்ளைக்காரன் 1911இல் செய்துவைத்த பேட்டண்ட் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. நமது சென்னை ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் 1959இல் தந்த அறிக்கை அதன் வண்டவாளத்தை வெளியிட்டது. இந்திய பேட்டண்டுகளில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை அந்நியர் கையில்! அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொண்டு இங்கே ஒரு பொருளும் உற்பத்தி செய்யப்படவில்லை! உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கெபாவர் கமிட்டியே அந்த நாளில் ஒப்புக்கொண்டது.

1970இல் புதிய சட்டம் நிறைவேறி, 1972இல் அமலுக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குப் பேட்டண்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை ஸ்தாபனம் ஏற்கெனவே எழுந்திருந்தது. ஹைதராபாத்தில் மருந்துத் தொழிற்சாலை. இதோ நம் நந்தம்பாக்கத்தில் அறுவை சிகிச்சைக் கருவித் தொழிற்சாலை. அந்த ஹைதராபாத் தொழிற்சாலையில் வேலை செய்த அஞ்சி ரெட்டிதான் 1984இல் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியைத் துவக்கினார். அந்தக் கம்பெனி 2007இல் ரிடுக்ஸிமாபுக்கு ஒத்த மருந்தை இங்கேயே தயாரித்து விற்றது. பிறகு இன்டாஸ், ஹெடெரோ என்று வேறு கம்பெனிகளும் வந்தன. அமெரிக்க நோயாளிக்கு அப்படி ஒத்த மருந்து கடைக்கு வந்தது எப்போது? 2019இல்! இதுவும் முதலாளியின் கம்பெனிதான், லாபத்துக்குத்தான் விற்கிறது. ஆனால் ஏகபோகம் உடைந்த இடத்தில் விலை இறங்குகிறது என்பதை யார் மறுக்க முடியும்?

2005 முதல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் மருந்துப் பொருளுக்கும் பேட்டண்ட் வந்துவிட்டது. அந்த மசோதா வந்தபோது பார்லிமெண்டில் இடதுசாரிக் கட்சிகள் விடாமல் போராடின. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுப் பேட்டண்ட் கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு வலுப்பெற்றது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்டிஸ் கம்பெனி கேட்ட பேட்டண்டை, சென்னை பேட்டண்ட் ஆபீஸ் 2006இல் மறுத்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட் தள்ளியது. 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இன்னொரு வழக்கு. நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு பேயர் கம்பெனி மாதம் 2,80,000 ரூபாய் வாங்கியது. 2012 மார்ச்சில் கட்டாய லைசென்ஸ் கொடுக்கப்பட்டது. நாட்கோ கம்பெனி 8,880 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. அதை 2013இல் உறுதிசெய்தது எந்த மன்றம்? தி. நகருக்கு அடுத்த தேனாம்பேட்டையில் இயங்கிய அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம்! அதை மத்திய சர்க்கார் 2021இல் கலைத்துவிட்டது. 2024இல் விதிகளைத் திருத்தி, பேட்டண்டை முன்கூட்டியே எதிர்க்கும் ஜனங்களின் உரிமைக்குக் கட்டணமும் தடையும் வைத்தது. 2016 டிசம்பரில் ஐ.டி.பி.எல்.ஐ மூட முடிவு செய்ததும் இதே சர்க்கார்தான். பிரிட்டனோடு 2025 ஜூலையில் செய்த ஒப்பந்தமோ, கம்பெனிகள் தாமாக விரும்பித் தரும் லைசென்ஸே சிறந்த வழி என்கிறது. பூனை விரும்பிப் பாலைப் பங்கிடுமாம்!

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

முதலாவது, எம்.எஸ். நோயாளிகளுக்கு டாக்டர் சீட்டின் பேரில் ரிடுக்ஸிமாப், சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். மொத்தமாக மருந்து வாங்கி விலையைக் குறைப்பதில் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது, 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதற்கு இது பெரிய காரியமல்ல. ஏற்றுவதற்கு முன் மஞ்சள் காமாலைக் கிருமிச் சோதனை, ஏற்றும்போது கண்காணிப்பு, பிறகு தொற்று நோய்க்கு எதிரான எச்சரிக்கை: இவையும் சேர்ந்ததே சிகிச்சை.

இரண்டாவது, மருந்துப் பெட்டியில் எம்.எஸ். என்று அச்சடிக்கவில்லை என்ற சாக்கில் எந்த இன்ஷூரன்ஸும் பணத்தை மறுக்கக் கூடாது. அச்சடிக்காதது கம்பெனியின் லாபக் கணக்கு, தண்டனை நோயாளிக்கா?

மூன்றாவது, புதிய மருந்துகளின் விலை எட்டாத உயரத்தில் நின்றால், கட்டாய லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்கார் பயன்படுத்த வேண்டும். சட்டப் புத்தகத்தில் பூட்டி வைப்பதற்கா அந்த அதிகாரம்?

நான்காவது, இத்தகைய உயிரியல் மருந்துகளைப் பொதுத்துறையில் உற்பத்தி செய்ய வேண்டும்.

தோழர்களே! வேலியைத் தாண்டிக் குதிக்கச் சிலரால் முடியும்; அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நடக்கவே முடியாதவரிடம் போய் வேலியைத் தாண்டு என்று சொல்லலாமா? வேலியைப் பிடுங்குவதே நம் வேலை. ஒருமுறை பிடுங்கியிருக்கிறோம். மறுபடியும் பிடுங்குவோம்!