கோடி ரூபாய் வண்டியும் ஒரு ரூபாய் காகிதமும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்திலேயே நான் பேசியிருக்க வேண்டும். போர்வெல் மோட்டார் விவாதம் இரண்டு மணி நேரம் ஓடியதால் இந்தக் காலாண்டுக்குத் தள்ளிப்போனது. செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு: விலை உயர்ந்த புது எஸ்.யூ.வி. வாங்கி, அது அடிக்கடி பழுதானால் என்ன செய்வது?

நான் மெக்கானிக் இல்லை, வக்கீலும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். கார் லோன் மேஜையிலும் ஏற்றுமதி பில் மேஜையிலும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் என்ஜினைப் பற்றிப் பேசுவதைவிடக் காகிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். இந்த மாதிரி வழக்குகளில் கடைசியில் பேசுவதும் காகிதம்தான்.

நம் பார்க்கிங்கைப் பாருங்கள். பத்து வருடம் முன்பு ஆல்ட்டோவும் ஸ்விஃப்ட்டும் நின்ற இடத்தில் இன்று தூணில் இடிக்காமல் திருப்ப முடியாத வண்டிகள் நிற்கின்றன. தப்பில்லை, உழைத்த காசு. இங்கிருந்து அரை மணி, ஒரு மணி தூரத்தில் பனப்பாக்கத்தில், நம் பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்திலேயே, டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே தயாராகும் என்று அப்போதே அறிவித்தார்கள். தொழிற்சாலை பக்கத்தில் வருவதால் சர்வீஸும் பக்கத்தில் கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சொகுசு வண்டி பழுதானால் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. சென்னை 140 கிலோமீட்டர். பெங்களூரு இன்னும் தூரம்.

நம் குடியிருப்பிலேயே ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். விஷயம் ஆணையத்தில் இருப்பதால் அவர் பெயரும் வேண்டாம், கார் கம்பெனியின் பெயரும் வேண்டாம். ஆம்பூரில் ஷூ அப்பர் செய்யும் கம்பெனியில் பங்குதாரர், பாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். வாங்கிய வண்டி ஆன்-ரோடு ஒரு கோடியைத் தாண்டியது. மூன்றாவது வாரத்தில் நடுவில் இருக்கும் பெரிய திரை கறுத்துப்போனது. அந்த வண்டியில் ஏ.சி.யைக் கூட்டிக் குறைப்பதும் அந்தத் திரையில்தான். மே மாதம், வேலூர் வெயில், புழுக்கத்தில் ஜன்னலை இறக்கிவிட்டுக் கோடி ரூபாய் வண்டியில் வந்தார்கள். பிறகு ஏர் சஸ்பென்ஷன். ராத்திரி நேராக நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கும். எட்டு மாதத்தில் ஏழு முறை ஒர்க்‌ஷாப். எல்லாம் சேர்த்து 60 நாளுக்கு மேல் வண்டி அங்கேயே நின்றது.

கடன் 80 லட்சம். 7 வருடம், 9 சதவீத வட்டி என்று போட்டால் மாதத் தவணை 1,28,700 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,290. அந்த 60 நாளுக்கு மட்டும் இரண்டரை லட்சம் கட்டியிருக்கிறார், ஆட்டோவில் போய்க்கொண்டே. வண்டி ஓடவில்லை என்று வங்கித் தவணையை நிறுத்த முடியாது. கடன் வங்கிக்கும் உங்களுக்கும் இடையில், பழுது விற்றவருக்கும் உங்களுக்கும் இடையில். கோபத்தில் தவணையை நிறுத்தி சிபில் மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவரைப் பார்க்கப் போனபோது "ஜாப் கார்டு எல்லாம் எங்கே பாய்?" என்று கேட்டேன். ஏழு முறை போனதற்கு இரண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் போனில் சொன்னது, டிரைவர் கொண்டுபோய் விட்டது. அந்த இரண்டிலும் "சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது, சரிபார்க்கப்பட்டது" என்று ஒரே வரி. வண்டி சாய்ந்து நின்றது என்று எங்குமே எழுதவில்லை.

எனக்கு இதில்தான் ஆச்சரியம். இதே பாய் தோல் விஷயத்தில் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். டேனரியிலிருந்து ஃபினிஷ்டு லெதர் வந்தால் ஒவ்வொரு தோலாக விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, கிரெய்ன் தளர்ந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று செலக்‌ஷன் பிரிப்பார். ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்டி வைப்பார். வெளிநாட்டு பையர் ஒரு குறை சொன்னால் எந்தத் தேதி, எந்த லாட், எத்தனை சதுர அடி என்று எழுத்தில் கேட்பார். எல்.சி. ஆவணத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் பணம் நின்றுவிடும் என்பது இந்த ஊரில் கணக்குப்பிள்ளை வரைக்கும் தெரியும். சாவியைக் கொடுக்கும்போது மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போகிறதோ தெரியவில்லை. ஷோரூமில் கொடுக்கும் காபியும் பூங்கொத்தும் மறக்கடித்துவிடுகின்றன போலும்.

அமெரிக்காவில் பழுதோடு வந்த புது வண்டிக்கு லெமன் என்று பெயர். நாம் புது வண்டி எடுத்தால் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறோம், அவர்கள் வண்டியையே எலுமிச்சம்பழம் என்கிறார்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் லெமன் சட்டம் உண்டு. ஒரே பழுதைச் சில முறை சரிசெய்தும் சரியாகவில்லை, அல்லது வண்டி மொத்தம் இத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது என்றால் மாற்று வண்டியோ பணமோ கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இருக்கும் சிங்கப்பூரிலும் 2012 செப்டம்பரிலிருந்து இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் நம் தலையில்தான்.

அதனால்தான் பல பேர் எதிர்பார்ப்பது நடப்பதில்லை. கிளட்ச் பழுது என்று மாருதி கார் வாங்கிய ஒருவர் போட்ட வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், உத்தரவாதம் என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்து கொடுப்பதற்குத்தான், அதற்காக முழு வண்டியையும் மாற்றித்தரச் சொல்ல முடியாது என்றது. இன்றைக்கும் கம்பெனி வக்கீல்கள் முதலில் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் எப்போதும் அப்படியே முடிவதில்லை. ஹூண்டாய் கிரெட்டா வாங்கிய ஒருவருக்கு 2017-இல் விபத்து. ஏர்பேக் விரியவில்லை. இடித்த வேகம் போதாது என்றெல்லாம் கம்பெனி வாதாடியது. வேகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது வாங்குபவரின் வேலை இல்லை என்று சொல்லி, வண்டியை மாற்றித்தரச் சொன்ன உத்தரவை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிரெட்டா கோடீஸ்வரர் வண்டி இல்லை என்பதையும் கவனியுங்கள். நம் பார்க்கிங்கிலேயே சில நிற்கின்றன.

2024 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு தீர்ப்புகள் வந்தன, இரண்டும் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். ஏனென்றால் இரண்டிலும் வண்டியை வாங்கியது கம்பெனி. இங்கே டேனரிக்காரர்களும் ஷூ கம்பெனிக்காரர்களும் பெரிய வண்டியைக் கம்பெனி பெயரில்தான் வாங்குகிறார்கள். வருமான வரியில் வருடம் 15 சதவீதம் தேய்மானம் கிடைக்கிறது, ஆடிட்டரும் அதையே சொல்வார். பழுதென்று வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு முதல் கேள்வியாக, இது வியாபார நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று சொல்லும். மெர்சிடிஸ் வண்டிகள் பற்றிய அந்த வழக்கில், ஒரு கம்பெனி தன் இயக்குநர்களின் உபயோகத்துக்கு வாங்கிய கார், நடுப்பகுதி தாங்க முடியாமல் சூடாகிறது என்று புகார். இயக்குநர் உபயோகத்துக்கு வாங்கியதாலேயே அது வியாபார நோக்கம் ஆகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமாம். அதனால் கம்பெனி பெயரில் வாங்குகிறவர்கள், இந்த வண்டி இன்ன பங்குதாரரின் அல்லது இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு என்று தீர்மானப் புத்தகத்தில் வாங்கும்போதே ஒரு வரி எழுதிவையுங்கள். சரக்கு ஏற்றவோ வாடகைக்கோ விடாதீர்கள்.

இன்னொன்று ஹைதராபாத் வழக்கு. பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ், 2009 செப்டம்பர் 25-இல் வாங்கி நான்கே நாளில் பழுது. போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் 2012-இல் அந்தப் புகாரை ரத்து செய்து, புது வண்டி கொடுக்கச் சொன்னது. கம்பெனி கொடுக்க முன்வந்தது, வாங்கியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, வட்டியோடு பணம்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் 2024-இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுத்து முடிக்கச் சொன்னது. பதினைந்து வருடம். அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சொல்ல மனம் வரவில்லை. மாற்று வண்டி தருகிறேன் என்று எழுத்தில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். டீலர் கொடுக்கும் படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழில், வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். பதிவுக்கு முன்னாலேயே அதைப் பாருங்கள். கோவாவில் 2011 மாடலுக்குப் பணம் கட்டியவருக்கு 2009 மாடல் வந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம், அது டீலரின் பொறுப்பு, அதற்குத் தயாரிப்பாளரான டாடாவைப் பொறுப்பாக்க முடியாது என்றுவிட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3524 என்றால் 2024-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்தது. வண்டியின் மாதத்துக்கும் டயரின் வாரத்துக்கும் பெரிய இடைவெளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டீசல் வண்டி வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி எரிந்து போக வண்டி நெடுஞ்சாலையில் சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி, காட்பாடியிலிருந்து தோட்டப்பாளையம் என்று ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது அடைத்து விளக்கு எரியும். இது உற்பத்திக் குறை இல்லை, உங்கள் உபயோகம் என்று சொல்வார்கள், பல நேரம் அதுதான் உண்மையும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் வண்டியே வாங்கலாம்.

இன்ஷூரன்ஸில் "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" எடுத்திருக்கிறேன், பழுதானால் முழுப் பணம் வந்துவிடும் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். வராது. அது வண்டி திருடுபோனால் அல்லது விபத்தில் முழுசாக நாசமானால்தான். பழுது என்பது வாரன்டி விஷயம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் செய்ய வேண்டியது: குறையை உங்கள் சொந்த வார்த்தையில் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "சத்தம் வருகிறது" என்று எழுதாமல், "காலையில் வண்டி இடது முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது" என்று. உள்ளே விட்ட தேதி, வெளியே எடுத்த தேதி, ஓடிய கிலோமீட்டர், மூன்றும் வேண்டும். பழுது வரும்போது மீட்டர் தெரியும்படி போனில் வீடியோ எடுங்கள். எழுத மறுத்தால் அன்றைக்கே டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரு மின்னஞ்சல். டிரைவரை அனுப்பினாலும் குறையை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

பாய் இரண்டாவது சுற்றில் இப்படியே செய்தார். அதற்குப் பிறகு மூன்று ஜாப் கார்டு ஒரே பழுதுக்குச் சேர்ந்தது, அதை வைத்துத்தான் புகார் போட்டிருக்கிறார். முதல் ஏழு முறையில் ஐந்துக்கு ஆதாரம் இல்லை என்று வக்கீல் இப்போதும் வருத்தப்படுகிறார்.

புகார் எங்கே என்றால், கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதாவது நம் வேலூரிலேயே. 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், சென்னை. அதற்கும் மேல் டெல்லி. டீலர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பாயின் வண்டி விலையால் சென்னைக்குப் போக வேண்டியதாயிற்று, கட்டணம் 2,000 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும் என்று டீலர் சொல்லிச் சொல்லியே இந்த இரண்டு வருடத்தைக் கடத்திவிடுவார்கள். முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லிப் பாருங்கள், சில சமயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. குறை இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல நிபுணரிடம் அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம், அதை முதல் மனுவிலேயே கேளுங்கள்.

பணம் திருப்பிக் கேட்கும்போது ஷோரூம் விலையை மட்டும் எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 20 சதவீதம். அதோடு இன்ஷூரன்ஸ், கடனுக்குக் கட்டிய வட்டி, வண்டியை ஏற்றிச் சென்ற லாரிச் செலவு எல்லாவற்றையும் ரசீதோடு சேர்த்துக் கேளுங்கள். எல்லாம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கேட்காதது நிச்சயம் கிடைக்காது. 10 லட்சத்துக்கு மேல் வாங்கும்போது பிடிக்கும் ஒரு சதவீத டி.சி.எஸ். தனி. அது 26ஏ.எஸ். படிவத்தில் தெரியும், வருமான வரிக் கணக்கில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இதை விட்டுவிட்டவர்கள் நம் கட்டடத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.

தேதி, கிலோமீட்டர், குறை, யாரிடம் சொன்னோம் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு தாளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஜெராக்ஸ் ஒரு ரூபாய், அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாயின் வழக்கு அடுத்த மாதம் வாய்தாவுக்கு வருகிறது, அடுத்த இதழில் எழுதுகிறேன். இனி உங்கள் கேள்விகள். எந்தக் கம்பெனி வண்டி வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், நான் இன்னும் டி.வி.எஸ். ஸ்கூட்டியில்தான் போகிறேன்.