விடுபட்ட படி எங்கே?
(ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடல் முன்பு எங்கே இருந்தது என்பதை எப்படி அறிவது? எட்டாம் வகுப்பில் இதைக் கேட்காத மாணவரை நான் கண்டதில்லை. விடை சேற்றில் இருக்கிறது.

ஃபொராமினிஃபெரா என்பது ஒரு செல் உயிரி. பெரும்பாலானவை மணல் துகள் அளவே இருக்கும். உயிர் போன பிறகும் ஓடு மண்ணில் தங்கிவிடும். கடலோரச் சதுப்பில் ஒவ்வோர் இனத்துக்கும் ஏற்ற உயரம் உண்டு. ஓதம் எப்போதாவது எட்டும் மேட்டில் சில இனங்கள். நாள்தோறும் மூழ்கும் சேற்றுத் தரையில் வேறு இனங்கள். டேவிட் ஸ்காட், ஃபிராங்கோ மெடியோலி இருவரும் 1978-இல் இதை விளக்கினர். ஆக, ஓட்டின் இனம் தெரிந்தால் அந்த மண் அன்று எந்த உயரத்தில் இருந்தது என்பதும் தெரியும்.

அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் கரைகளைப் பாருங்கள். அங்கே பெரும் நிலநடுக்கம் வராது என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1987-இல் பிரையன் அட்வாட்டர் என்ற புவியியலாளர், வாஷிங்டன் கரையில் புதையுண்ட சதுப்பு நிலங்களைப் பற்றி எழுதினார். கீழே வேர்கள் நிறைந்த கருமண். மேலே ஓதச் சேறு. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே மணல். கருமண்ணில் மேட்டுச் சதுப்பின் ஓடுகள். சேற்றில் தாழ்தரையின் ஓடுகள்.

கடல் மெல்ல ஏறியிருந்தால் இடைப்பட்ட உயரத்தின் ஓடுகளும் வரிசையாக இருக்க வேண்டும். அந்தப் படி அங்கே இல்லை. நிலம் திடீரெனத் தாழ்ந்தது என்பதே பொருள். நடுவிலுள்ள மணல், ஆழிப்பேரலை விட்டுச் சென்றது. நிலநடுக்கம் உணரப்படாமலே பேரலை வந்ததாகச் சொல்லும் ஜப்பானியப் பழைய ஆவணங்களைக் கொண்டு, நாளையும் கணித்தார்கள்: 1700 ஜனவரி 26.

இந்த அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் 2016-இல் திறக்கப்பட்ட ஒகோஸ்டா தொடக்கப்பள்ளியில், பேரலை வந்தால் பிள்ளைகள் ஏறி நிற்க மேல்தளம் கட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நமக்கு அதன் அருமை தெரியும்.

வகுப்பில் நான் செய்வது எளிது. கரும்பலகையில் மூன்று அடுக்குகளை வரைவேன். எந்த ஓடு எங்கே என்று குறிப்பேன். விடையைச் சொல்ல மாட்டேன். "என்ன விடுபட்டிருக்கிறது?" என்று மட்டும் கேட்பேன். இருப்பதைப் பார்ப்பதோடு, இல்லாததையும் கவனிக்கப் பழகும் பிள்ளையே அறிவியல் கற்கிறது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.