மலைநாட்டார் மனுவும் தில்லியின் தராசும்

ஹட்டன் நகரிலிருந்து மலைச்சரிவுகளினூடே இறங்கும் சாலை நோட்டன் பிரிட்ஜை அடையுமிடத்தில் கெஹெல்கமு ஓயா ஓர் அணையினால் தேக்கப்பட்டிருப்பதை அவ்வழி சென்ற நேயர்கள் கண்டிருப்பர். அந்நீரே லக்ஷபானவின் பழைய மின்நிலையத்தை 1950ஆம் ஆண்டில் இயங்கச் செய்தது. அதே ஆண்டு சனவரித் திங்களில் காமன்வெல்த் நாடுகளின் அயலுறவு அமைச்சர்கள் கொழும்பிற் கூடினார்கள். பண்டித நேருவும் அவர்களுள் ஒருவர். பின்னாளிற் கொழும்புத் திட்டம் எனப் பெயர் பெற்ற உதவித் திட்டம் அங்குதான் உருவாயிற்று. இந்தியாவும் இலங்கையும் உற்ற அயலவராய் ஒரே மேசையில் அமர்ந்திருந்த அந்த நேரத்தில், நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த மலைகளிற் கொழுந்து கொய்துகொண்டிருந்த தமிழருட் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரஜைகளும் அல்லர். மின்சாரம் கொழும்புக்குச் சென்றது. லயங்களில் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது.

ஒரு நாட்டை விட்டுப் பெயர்ந்து வேறொரு நாட்டில் வாழ்வோர், தம் பழைய தாயகத்தின் நன்மை கருதியோ தம் சொந்தப் பாதுகாப்புக் கருதியோ அரசுகளின் அயலுறவுக் கொள்கையைத் தம் பக்கம் திருப்ப முயல்வது உலகில் புதிதன்று. 1974இல் துருக்கிப் படை சைப்பிரஸ் தீவில் இறங்கியபோது, அமெரிக்காவில் வாழ்ந்த கிரேக்க வம்சாவளியினர் அந்நாட்டுக் காங்கிரசை நெருக்கினர். அதன் பயனாக 1975 பெப்ரவரி முதல் துருக்கிக்கு அமெரிக்க ஆயுதங்கள் நிறுத்தப்பட்டன. துருக்கியோ அமெரிக்காவின் இராணுவக் கூட்டாளி! தம் அரசுத் தலைவரே விரும்பாத அத்தடை 1978 வரை நீடித்தது. 1992இல் ஆர்மீனிய வம்சாவளியினர் முயன்று, ஆர்மீனியாவின் எதிரியாகிய அசர்பைஜானுக்கு அமெரிக்க அரசு நேரடி உதவி வழங்குவதைத் தடுக்கும் சட்டப் பிரிவொன்றை நிறைவேற்றுவித்தனர். எண்ணிக்கையில் இவ்விரு சாராரும் சிறியோர். ஆயினும் தாம் வாழும் நாட்டில் அவர்களுக்கு வாக்கு இருந்தது. அவ்வாக்கை நாடி வரும் பிரதிநிதிகள் இருந்தனர். இந்த ஒன்றை மனத்திற் கொண்டு மலையகத்தின் கதைக்குத் திரும்பினால் வேறுபாடு தானே விளங்கும்.

தோட்டத் தமிழரும் மனுச் செய்யாதிருந்தவர் அல்லர். 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் பின்னர் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியில் அலுவலகம் அமைத்து அமர்ந்தார். துரைமாரிடமும் கங்காணிமாரிடமும் நீதி கிடைக்காத குறைகள் அவருக்குச் சென்றன. 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்கும் சட்டம் இலங்கையில் நிறைவேறியமைக்கு இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலே பெருங்காரணம். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் ஏட்டினாலும் மேடையினாலும் தொழிற்சங்கத்தினாலும் அக்குரலுக்கு வலிவூட்டினார்; 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் சென்றார்.

1939இல் இலங்கை அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியர்களை விலக்கும் முடிவு வந்தது. இந்திய தேசிய காங்கிரஸ் அவ்வாண்டு சூலையில் நேருவைக் கொழும்புக்கு அனுப்பிற்று. அவர் வருகையின்போதே இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. நேருவின் சமரச முயற்சி பயன் தரவில்லை. ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடை செய்தது. கடல் கடந்தோரின் முறையீடு ஓர் அரசின் கொள்கையாகவே மாறிய தருணம் இது. ஆனால் தடையின் சுமையை முதலிற் சுமந்தோரும் அத்தொழிலாளரே. ஊரில் ஒரு சாவு, ஒரு கலியாணம் என்று இராமநாதபுரத்துக்கோ திருச்சிக்கோ போனவர், தடை தளர்த்தப்படும்வரை தோட்டத்துக்குத் திரும்புவது அரிதாயிற்று.

இத்தகைய முறையீட்டிற்கு மற்றொரு முகமும் உண்டு. தில்லியை நோக்கி எழும் ஒவ்வொரு குரலும் கொழும்பில் ஐயமாகவே கேட்டது. சிறு தீவு, அருகே பெரு நாடு, அப்பெரு நாட்டின் மக்கள் இலட்சக்கணக்கில் தீவின் நடுமலையில். இவர்கள் நாளை இந்தியாவின் கையாக இயங்குவரோ என்ற அச்சம் சிங்கள அரசியல்வாதிகள் பலரிடம் இருந்தது. 1947இல் இலங்கை பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டமைக்கும் இவ்வச்சம் ஒரு காரணம் எனலாம். அச்சம் முழுவதும் கற்பனை என்று தள்ளிவிடுவது எளிது. தம் அமைப்புக்கு இந்தியன் காங்கிரஸ் என்றே பெயர் சூட்டியவர்கள் அதற்கு இடம் வைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அச்சம் மட்டுமே காரணமன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், வேறு மலைநாட்டுத் தொகுதிகளில் அவர்தம் தோழரும் வென்றனர். மற்றும் பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. டி. எஸ். சேனாநாயக்காவின் ஆட்சிக்கு இது உவப்பாயில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து அவர்களது வாக்கைப் பறித்தன. இந்திய பாகிஸ்தானிய வதிவோருக்கென 1949இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் விண்ணப்பித்தும் பிரஜாவுரிமை பெற்றோர் 1,34,000 பேர் அளவினரே. லயத்துக் காம்பறாவிற் பிறந்தவன் தன் தந்தையின் பிறப்புச் சான்றை எங்கே தேடுவான்?

வாக்குப் போனபின் எஞ்சியது சத்தியாக்கிரகம். 1952இல் கொழும்பில் அது நடந்தது, சட்டம் அசையவில்லை. இனித் தில்லி ஒன்றே புகல். நேருவின் நிலை அக்காலத்தில் உறுதியாகவே இருந்தது. விரும்பி விண்ணப்பிப்போரை இந்தியா ஏற்கும். விரும்பாதோரை எவரும் கப்பலேற்றி அனுப்ப முடியாது என்பதே அது. 1954இல் சேர் ஜோன் கொத்தலாவலையோடு அவர் செய்த ஒப்பந்தமும் இதை விட்டுக் கொடுக்கவில்லை. இலங்கைப் பிரஜை ஆகாதவர் எல்லாம் இந்தியரே என்று கொழும்பு கூறிற்று. அவர்கள் நாடற்றவர், இந்தியர் அல்லர் என்று தில்லி கூறிற்று. வழக்கு முடியவில்லை. முடியாதிருந்ததே அம்மக்களுக்கு ஒரு காப்பாகவும் இருந்தது.

அக்காப்பைத் தகர்த்தது நோட்டன் பிரிட்ஜிலோ கொழும்பிலோ நடந்த எதுவும் அன்று. 1962 அக்டோபரில் இமயத்தில் சீனப்படை இறங்கியது. இலங்கை 1952 முதலே சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி பெற்றுவந்த நாடு. அவ்வாண்டு திசம்பரில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பிற் கூட்டி, இரு தரப்பாரிடமும் சமரசம் பேசினார். சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அம்மாநாடு சொல்லாதது தில்லியில் பலருக்கு மனக்குறை. 1963இல் இலங்கை சீனாவோடு கப்பற் போக்குவரத்து உடன்படிக்கை ஒன்றும் செய்தது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அக்டோபர் 16ஆம் நாள் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 30ஆம் நாள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தில்லியிற் கையெழுத்தாயிற்று.

நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேரை இந்தியா பதினைந்து ஆண்டுகளில் ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும். 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும். அம்மீதியை 1974இல் திருமதி இந்திரா காந்தியும் திருமதி பண்டாரநாயக்காவும் 75,000 வீதம் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். ஏழுக்கு நான்கு என்ற விகிதம் எந்த லயத்திலும் கேட்டு வகுக்கப்பட்டதன்று. தோட்டத் தொழிற்சங்கங்களின் கருத்தும் கேட்கப்படவில்லை. தமிழ்நாட்டிற் பல கட்சியினர் எதிர்ப்புக் கூறினர். அது தில்லியின் முடிவை மாற்றவில்லை. தெற்கில் ஓர் அயலவரேனும் பகையற்றிருக்க வேண்டும் என்னும் கவலை ஒரு தட்டிலும், வாக்கற்ற மக்களின் மனுக்கள் மறு தட்டிலும் இருந்தன. எத்தட்டுத் தாழ்ந்தது என்பது வரலாறு.

விலை கொடுத்த இந்தியா வாங்கியது யாது? 1971இல் பாகிஸ்தானிய விமானங்கள் இந்திய வான்வழி மூடப்பட்டமையால் தீவைச் சுற்றிப் பறந்து, இலங்கையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டே கிழக்கு வங்கம் சென்றன. அதே ஆண்டு ஏப்ரலிற் கிளர்ந்த மக்கள் விடுதலை முன்னணி தன் இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் தோட்டத் தொழிலாளரே அவ்விஸ்தரிப்பின் கருவியாகச் சித்திரிக்கப்பட்டனர். இந்தியா கைவிட்ட மக்களை இந்தியாவின் கைக்கூலிகள் என்றது எத்துணை விந்தை!

இதனிடையே, ஹட்டனிலிருந்தும் மற்ற மலைநாட்டு நிலையங்களிலிருந்தும் தலைமன்னாருக்குப் புகைவண்டிகள் புறப்பட்டன. அவற்றிற்கு மலையகம் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். மண்டபம் முகாமில் இறங்கியோருட் சிலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களிற் பழைய தொழிலையே பற்றினர். பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

தங்கியவர்களின் நிலை மாறியது தில்லியின் தயவினால் மட்டுமன்று. இலங்கைப் பிரஜாவுரிமை பெற்றோர் மெல்லப் பெருகி வாக்காளராயினர். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்றார். அடுத்த ஆண்டு அமைச்சரானார். 1985இல் திம்புவிற் பேசிய தமிழ் அமைப்புகள் முன்வைத்த நான்கு கோட்பாடுகளுள் ஒன்று, தீவைத் தாயகமாகக் கொண்ட தமிழர் அனைவருக்கும் பிரஜாவுரிமை என்பது. 1986 சனவரியில் தோட்டங்கள் பிரார்த்தனை இயக்கம் நடத்தித் தொழிலை நிறுத்தின. இந்தியாவின் பங்கிற்குரியோராயினும் விண்ணப்பியாது நின்ற 94,000 பேரையும் ஏற்க இலங்கை இசைந்தது. இந்தியா தலையிட ஒரு காரணம் குறையட்டும் என்ற கணக்கும் அவ்விசைவிற் கலந்திருந்தது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சிய முடிச்சுகளை அவிழ்த்தன.

1983க்குப் பின் வடக்குக் கிழக்கிலிருந்து பெயர்ந்த தமிழர் கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாக்காளராயினர். 2013இற் கொழும்பில் நடந்த காமன்வெல்த் உச்சிமாநாட்டுக்குக் கனடாப் பிரதமர் வர மறுத்தமைக்கு அவ்வாக்குகளின் எடையும் காரணம். இந்தியப் பிரதமரும் வரவில்லை. தமிழ்நாட்டின் நெருக்குதல் அங்கே செயற்பட்டது. 1964இல் கடல் கடந்து வந்த தொழிலாளருக்கு இவ்விரண்டில் எதுவும் துணையாகவில்லை.

அவ்வம்சத்தில் ஒரு பகுதியினர் 1983க்குப் பின் அகதிகளாகத் தமிழகம் சேர்ந்து முகாம்களில் வாழ்ந்தனர். 2019 சூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினராகிய அவர்களிற் சிலரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு கூறியது. அவ்வாண்டு திசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று அயல்நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை வழங்கும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கையின் பெயர் அதில் இல்லை.