டப்ளின் தெருவின் குரல்
(சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுவிழா மேடையில் புலவரையும் தலைவரையும் போற்றுவது வழக்கம். இன்று நாம் ஒரு விகட நடிகரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். அவர் அயர்லாந்து மக்கள் உள்ளம் கவர்ந்த ஜிம்மி ஓடே.

1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் டப்ளின் நகரில் அவர் பிறந்தார். அவர் மேடை ஏறுவதை வீட்டார் விரும்பவில்லை. கூத்தாடிப் பிழைப்பு நிலையற்றது என்னும் அச்சம் எந்நாட்டுப் பெற்றோர்க்கும் பொதுவன்றோ! எனவே அவர் எடின்பரோ சென்று மூக்குக்கண்ணாடித் தொழில் பயின்று, டப்ளினில் கடையும் வைத்தார். தொழில் ஒருபுறம், நாடகம் ஒருபுறம். பகலெல்லாம் கோப்புகளோடு மல்லாடிவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு ஓடிவரும் நம் சங்கத்து நடிகர்களுக்கு இந்நிலை நன்கு விளங்கும். பின்னர் அவர் கடையைத் தம் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, மேடையையே வாழ்வாகக் கொண்டார்.

1928-இல் ஹாரி ஓடானவன் என்பாருடன் சேர்ந்து நாடகக் கம்பெனி தொடங்கினார். ஓடானவன் எழுதுவார், ஓடே நடிப்பார். கிறிஸ்துமஸ் காலத்தில் ஆடலும் பாடலும் கேலியும் கலந்து குழந்தைகளுக்கென நடத்தப்பெறும் நாடகங்களில் அவருக்கு இணையில்லை. கெய்ட்டி நாடக அரங்கில் அவரும் மாரீன் பாட்டர் அம்மையாரும் சேர்ந்து நடித்த காட்சிகளைக் குடும்பம் குடும்பமாக வந்து கண்டனர்.

அவர் புனைந்த வேடங்களுள் தலையாயது பிட்டி மல்லிகன். டப்ளினில் எளியோர் வாழ்ந்த கூம் என்னும் பழைய பகுதியில், தெருவில் பண்டம் விற்றுப் பிழைக்கும் வாயாடிக் கைம்பெண் அவள். ஸ்திரீபார்ட் நடிகர்களை அறிந்த நமக்கு இது புதுமையன்று. ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அந்த ஏழையின் கொச்சைப் பேச்சை அவர் இழிவுபடுத்தவில்லை. அவளுடைய சாமர்த்தியத்தைக் காட்டினார். எவரைப் போல் நடித்தாரோ அவர்களே அவரைத் தம்மவர் என்று கொண்டாடினர்.

இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் படைகளில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர்களுக்காக பி.பி.சி. வானொலி நடத்திய நிகழ்ச்சியில் அவர் குரல் ஒலித்தது. பிறந்த மண்ணைப் பிரிந்தோர்க்குச் சொந்தத் தெருவின் பேச்சு எத்துணை ஆறுதல் என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவருடைய இளமை நண்பர் ஷான் லெமாஸ், 1959-இல் அயர்லாந்தின் பிரதமரானார். லெமாஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் ஓடேயே. அவ்வாண்டே வால்ட் டிஸ்னியின் படமொன்றில் குள்ளர்களின் அரசராகவும் நடித்தார். இறுதிக் காலத்தில் தொலைக்காட்சியில் அவர் ஏற்ற வேடம் ரயில்வே சிக்னல்காரர்! ரயில்வே ஊழியராகிய நமக்கு இதில் தனி மகிழ்ச்சி. 1965 ஜனவரி 7-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அன்பர்களே! இக்காலனியில் திருநெல்வேலிப் பேச்சும் தஞ்சைப் பேச்சும் கோவைப் பேச்சும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழிகள் பயில்கின்றனர்; பாட்டியின் பேச்சைக் கேட்டு நகைக்கின்றனர். நகைக்கட்டும்; ஆனால் அச்சொற்களைத் தாமும் பேசி நகைக்கட்டும். எள்ளி நகைத்தால் அப்பேச்சு நம்மோடு மறையும்; உடன் நகைத்தால் அடுத்த தலைமுறையிலும் வாழும். அடுத்த ஆண்டு நம் நாடகத்தில் ஒரு பாட்டி வேடத்தை இப்பிள்ளைகளுள் ஒருவர் ஏற்று நடிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம்.