எத்தனை மணி நேர வேலை? கார் மின்கருவித் தொழிலில் நேரக் கணக்கு

(சுங்கைப் பட்டாணியில் கார் மின்கருவிப் பட்டறை நடத்திவரும் அன்பர் ஒருவர் தோட்டப்புற இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



நான் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். என் தாயும் தந்தையும் பால்மரம் வெட்டி என்னை வளர்த்தவர்கள். கார்களுக்கு வானொலி, ஒலிபெருக்கி, திருட்டு எச்சரிக்கை மணி, பின்னோக்குக் கேமரா முதலியவற்றைப் பொருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. இத்தொழிலின் நுட்பங்களைக் கற்றுத்தரப் பலர் உளர். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதைக் கற்றுத்தருவோர் மிகக் குறைவு. ஆகவே அதைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

நேரக் கணக்கு உங்களுக்குப் புதிதன்று. மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அது குறையும். அதனால்தான் பொழுது புலருமுன்னரே பெரட்டுக் கலைந்து நிரைக்குப் போகிறோம். மேட்டு நிரையும் சமவெளி நிரையும் ஒரே எண்ணிக்கை மரங்களைக் கொண்டிருந்தாலும் ஒரே நேரத்தில் வெட்டி முடிக்க இயலாது. வெட்டு உயரத்திலிருக்கும் முதிய மரம் இளமரத்தைவிட நேரம் கேட்கும். இதைப் பால்வெட்டும் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், அவருடைய மகன் நகரத்தில் பட்டறை வைத்ததும், "கார் என்றால் எல்லாம் கார்தானே" என்று எல்லா வண்டிக்கும் ஒரே விலை சொல்லிவிடுகிறான். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

சொந்தத் தொழில் தொடங்கிய புதிதில், கூலிமிலிருந்து ஒருவர் பழைய வண்டியொன்றைக் கொண்டுவந்தார். ஒலிபெருக்கிகளும் ஆம்பிளிஃபயரும் பொருத்த வேண்டும் என்றார். நான் வண்டியின் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மூன்று மணி நேரந்தான் அண்ணே, மாலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். முகப்புப் பலகையைக் கழற்றிய பிறகல்லவா தெரிந்தது! முன்பு எவரோ கம்பிகளை வெட்டி, நிறம் பாராமல் முறுக்கி, நாடாவைச் சுற்றி மூடியிருந்தார். எந்தக் கம்பி எதற்கு என்று சோதித்து அறிவதற்குள் நண்பகல் கடந்துவிட்டது. மறுநாள் பிற்பகலில்தான் வண்டியைக் கொடுக்க முடிந்தது. சொன்ன கூலியையே வாங்கிக்கொண்டேன். அவருக்கோ ஒரு நாள் வேலை போயிற்று. அந்த நட்டத்தை விளைவித்தது என் கையன்று, என் வாய்.

இத்துன்பம் இத்தொழிலோடு கூடப் பிறந்ததுதான். 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால் கால்வின் என்பாரின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வானொலிப் பெட்டியைச் செய்து முடித்தாலும், அதை வண்டிக்குள் பொருத்துவது பெருந்தொல்லையாக இருந்தது. இயந்திரத்தின் தீப்பொறி இரைச்சல் பாட்டோடு கலந்து கேட்டது. அதை அடக்கத் தனி உறுப்புகள் தேவைப்பட்டன. இன்றும் எர்த் கம்பியைச் சரியாக இணைக்காவிட்டால், இயந்திரத்தின் வேகம் கூடக் கூட ஒலிபெருக்கியில் ஒரு சீழ்க்கை எழும். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். நடுத்தரக் கார் ஒன்றுக்கு வானொலி, முன்கதவு ஒலிபெருக்கி இரண்டு, ஆம்பிளிஃபயர், பின்னோக்குக் கேமரா ஆகியவற்றைப் பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சுற்றிப் பார்த்து, விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று உரிமையாளர் முன்னிலையில் சோதிக்க 30 நிமிடம். இதைச் செய்யாதவர், முன்பே பழுதான பொருளுக்கும் பிறகு பழி சுமப்பார். பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை இயந்திரச் சுவர் வழியே உள்ளே கொண்டுவந்து, விரிப்புக்கு அடியில் பின்பக்கம் வரை சேர்க்க 90 நிமிடம். 400 வாட் இழுக்கும் ஆம்பிளிஃபயருக்கு 12 வோல்ட்டில் 33 ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இந்த இடத்தில் நேரத்தை மிச்சம் பிடிப்பவர் பிறருடைய உயிரோடு விளையாடுகிறார்.

கதவுகளுக்கு 60 நிமிடம். கதவுக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழலுக்குள் கம்பியைச் செலுத்துவதிலேயே பாதி நேரம் போய்விடும். அந்தக் குழல் பெரும்பாலும் செயற்கை ரப்பர். நம் மரத்துப் பாலாக இருந்தால் ஒருவேளை நம்மிடம் இரக்கங் காட்டியிருக்கும்! வானொலிக்கு 45, கேமராவுக்கு 75, ஆம்பிளிஃபயரை நிறுத்தி வண்ணப்பூச்சைச் சுரண்டி எர்த் கம்பியை இணைக்க 45, எல்லாவற்றையும் மூடிச் சோதித்து ஒலியைச் சீர்செய்ய 45 நிமிடம். மொத்தம் 390 நிமிடம், அதாவது ஆறரை மணி நேரம். எதிர்பாராத தடைகளுக்குக் காற்பங்கு சேர்த்தால் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். மூன்று மணி என்று நான் சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது கூலி. இந்த வேலைக்கு 120 வெள்ளி கேட்கிறீர்கள் என்போம். கடை வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம், நாடா, ஈயம் என்று அன்றைய செலவு 50 வெள்ளி. மீதி 70 வெள்ளியை எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 75 காசு. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அது மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஆக, முதலாளி என்று பெயர்ப்பலகை மாட்டியவர் கடைநிலைத் தொழிலாளியைவிட 3 காசுதான் கூடுதலாகப் பெறுகிறார். வேலை பத்து மணி நேரமாக நீண்டால் மணிக்கு 7 வெள்ளி! சம்பளத் தொழிலாளிக்கு முதலாளி செலுத்தும் சேமநிதியும் சொக்சோவும் உண்டு. தனித்தொழில் செய்பவர் இவற்றைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொந்தத் தொழிலாளர்க்கும் சொக்சோ பாதுகாப்புத் திட்டம் உண்டு என்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர்.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் 1994இல் வந்த கன்சிலிலும் கம்பிகள் எளியவை. ஒரு சோதனை விளக்கே போதுமானதாக இருந்தது. இக்காலக் கார்களிலோ சிறுசிறு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. தவறான கம்பியைத் தொட்டால் எச்சரிக்கை விளக்குகள் எரியும். மஞ்சள் நிற இணைப்புகள் பெரும்பாலும் காற்றுப்பையினுடையவை. பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் காத்திருந்த பின்னரே அவற்றின் அருகே கைவைக்க வேண்டும். காத்திருக்கும் நேரமும் வேலை நேரந்தான்.

வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது? நான் இப்போது, "ஐயா, பலகையைக் கழற்றும்வரை இதுதான் கணக்கு. உள்ளே பழைய வெட்டுக் கம்பி இருந்தால் வேலையை நிறுத்தி உங்களுக்குத் தொலைபேசியில் சொல்வேன். நீங்கள் சம்மதித்த பிறகே தொடர்வேன்" என்று முதலிலேயே சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுகிறேன். சிலர் வேறு கடைக்குப் போய்விடுகின்றனர். போகட்டும். அவர்களுள் சிலர், அங்கே நேர்ந்ததைச் சரிசெய்ய என்னிடமே திரும்பி வருவதும் உண்டு.

அனுபவத்தால் மட்டுமே தொழில் கற்றவர்கள் மனந்தளர வேண்டாம். திறன் மேம்பாட்டு இலாகா, கற்றறிந்த அனுபவத்தையே மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் வழியை வைத்திருக்கிறது. அதற்குச் செய்த வேலைகளின் சான்றுகள் தேவை. அதற்கும் உதவக்கூடியது, நாள்தோறும் வண்டியின் வகை, செய்த வேலை, சொன்ன நேரம், உண்மையில் ஆன நேரம் ஆகிய நான்கையும் எழுதி வைக்கும் ஒரு குறிப்பேடு. கூலிம் வண்டி வந்து போன மறுவாரம் நான் தொடங்கிய முதல் குறிப்பேட்டை இங்கே கொண்டுவந்துள்ளேன். எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. பார்க்க விரும்பும் இளைஞர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வந்து வாங்கிப் பார்க்கலாம்.